பல் வலிக்கும் வரை படிக்கலாம்

"மூணாம் நம்பர், மூடி வச்சிட்டு உள்ள போங்க. மடக்காதீங்க, மடக்காதீங்க! நூல் வைங்க, நூல்!"

சொல்லும்போதே அக்காவின் கை மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. பல் இடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் வெள்ளை நூல் டப்பாவை எடுத்து, ஒரு சாண் இழுத்து, அறுத்து நீட்டுகிறார். மூன்றாம் நம்பர்க்காரர் வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் நூலை வாங்கிப் புத்தகத்தில் படித்த பக்கத்துக்குள் வைக்கிறார். அதன் பிறகுதான் அவருக்கு உள்ளே போக அனுமதி. வலியில் உயிரே போனாலும் பக்கத்தின் காது மடங்கக்கூடாது.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அக்காவுக்கு மொத்தம் மூன்று வேலைகள். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, பயந்தவர்களைத் தட்டிக்கொடுப்பது. இவற்றில் இரண்டாவதை அவர் செய்வதே இல்லை. பெயர்கள் அவர் மனதில் நிற்காது, பற்கள் நிற்கும். "கீழ்க் கடவாய் வந்திருக்காங்க டாக்டர்", "முன்பல்லு ரெண்டும் போன வாரமே வரணும், இன்னும் காணோம்" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். நான் அவருக்கு 'இடது மேல்'. ஒருமுறை கடைத்தெருவில், நாலு பேர் நடுவில், "என்ன இடது மேல், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு வீடு என்று நினைத்திருப்பார்கள்.

அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பொருள்கள் இரண்டு. ஒன்று, மேசையில் இடமும் வலமுமாகத் தலையாட்டும் சின்ன மின்விசிறி. அக்காவுக்கு எந்நேரமும் வியர்க்கும் வயது. பக்கம் பறக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று யார் கேட்டாலும், "ஃபேனை மட்டும் கேக்காதீங்க, வேற என்ன வேணாலும் கேளுங்க" என்பார். டாக்டரம்மாவே ஒருநாள் குளிர் ஜுரத்தோடு வந்து கேட்டுப் பார்த்தார். ஒரு போர்வைதான் கிடைத்தது.

இன்னொன்று, அந்தப் புத்தகம்.

செங்கல் கனத்தில் ஒரு சரித்திர நாவல். யாரோ ஒரு நோயாளி எப்போதோ மறந்து வைத்துவிட்டுப் போனது. குடைகளும் ஒற்றைக் கையுறையும் கிடக்கும் அலமாரியில் அதுவும் கிடந்திருக்கிறது. கூட்டம் இல்லாத ஒரு மழை நாளில் அக்கா அதைத் தூசி தட்டினார். டோக்கனுக்கும் டோக்கனுக்கும் நடுவில் படித்தே முடித்துவிட்டார். அன்றிலிருந்து அது காத்திருப்போர் அறையின் நடுமேசையில் இருக்கிறது. வாரப் பத்திரிகைகளையெல்லாம் ஒழித்துக்கட்டிவிட்டார். வாசலைத் தாண்டி மட்டும் அது போகாது. "உடையவங்க என்னைக்காவது வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கதை இதுதான். இரண்டு ராஜ்ஜியங்களுக்கு இடையே மூன்று தலைமுறையாகப் போர். துறைமுகத்தில் ஏற்றிய விளக்கு ஒன்று அணையாமல் மலைமேல் இருக்கும் தலைநகருக்கு நடந்தே வந்து சேர்ந்தால் போரை நிறுத்திக்கொள்வதாக இரு மன்னர்களும் வாக்குக் கொடுக்கிறார்கள். படகோட்டியின் மகள் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். அட்டைப் படத்தில்கூட அவள்தான்: இடது உள்ளங்கையில் அகல், காற்றுக்கு அணையாக வலது கையைக் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்திருக்கிறாள். அறுநூறு பக்கத்துக்கும் மேலே நடக்கிறாள். நடக்கிறாள் என்றால் நடக்கிறாள். ஊருக்கு ஓர் அத்தியாயம். ஏழு ராஜாக்களைப் பார்த்த ஆமை ஒன்று வழியில் பேசுகிறது. காற்று அவளைப் பெண் கேட்டு வருகிறது. நடுவில் துறைமுகச் சுங்கம் எவ்வளவு, தேர்ச் சக்கரத்துக்கு எந்த மரம் என்று ஆசிரியர் சாவகாசமாக விளக்குகிறார். வாளை எடுத்தவன் அதைச் சுழற்றுவதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போகிறது.

எனக்கு முதல் ஐம்பது பக்கமும் கொட்டாவிதான். பல் மருத்துவமனையில் கொட்டாவி விடுவது ஆபத்து. வாயைத் திறந்தால் யாராவது எட்டிப் பார்க்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ஒருவர், அந்த நூற்றாண்டில் அந்த வகை எண்ணெயே கிடையாது என்று அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஆட்சேபித்தார். ஆமை பேசியதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி ஆமை அத்தியாயத்தில் தேம்பித் தேம்பி அழ, பாவம் வலி தாங்கவில்லை என்று நினைத்து அத்தனை பேரும் அவளை வரிசை தாண்டி உள்ளே அனுப்பிவைத்தோம். டாக்டரம்மா எந்தப் பல் என்று கேட்டதற்கு, "ஆமை" என்றாளாம். கம்பி மாட்டிய பையன் ஒருவன் கதைச் சுருக்கத்தைக் கைபேசியில் தேடினான். அக்கா பெருமூச்சு விட்டார். "எல்லாருக்கும் ஊசி போட்ட அப்புறம்தான் மரத்துப்போகும். இவனுக்கு வரும்போதே மரத்துப்போச்சு."

வீட்டிலும் அவருக்குத் துணை இல்லை. கணவர் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. தூக்க மாத்திரைக்கு நல்ல மாற்று என்று பாராட்டியதோடு சரி. நாத்தனார் ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தவர், நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஓ, இவ்ளோதானா?" என்று வைத்துவிட்டார். அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றே கடைசி அத்தியாயம் முழுவதையும் பழுப்புத் தாளில் சுற்றி, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டார். அதுவரை படித்து வந்தவர் மேசைக்கு வந்து கேட்டால் அவரே பிரித்துக் கொடுப்பார். அப்படி யாரும் வந்து கேட்டதே இல்லை.

காரணம் எளிது. நாவல் முடிவதற்குள் பல் குணமாகிவிடுகிறது. புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்: முதல் நூறு பக்கத்தில் வெள்ளை நூல்கள் அடர்த்தியாகத் தொங்கும், போகப் போகக் குறையும், முந்நூறுக்கு மேல் மொட்டை. ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவர் குணமான இடம். "சந்தோஷப்படணும்தான்," என்பார் அக்கா. "ஆனா அந்த முடிவைப் பத்தி ஒருத்தர்கிட்டயாவது பேசணுங்க. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு எத்தனை வருஷம்தான் இருக்கிறது? தலை வெடிச்சிடும் போல இருக்கு." சொல்லிவிட்டு என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு கெட்டுப்போச்சுன்னா முடிச்சிடலாம்." அவர் குரலில் அவ்வளவு ஆசை. எனக்கு என் பற்கள் மேல் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் 'முழுசெட்டு' வந்து சேர்ந்தார். நடுவில் எங்கும் நிற்காத விரைவுப் பேருந்துகளை ஆயுள் முழுக்க ஓட்டி ஓய்வு பெற்றவர். மிச்சமிருந்த பற்களைப் பிடுங்கி, ஈறு ஆறி, அளவெடுத்து, மெழுகில் வைத்துப் பார்த்து, மேலும் கீழுமாக முழு பல்செட் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அக்காவின் முகத்தில் தீபாராதனை.

ஆனால் அவரைப்போல அந்தப் புத்தகத்தைத் திட்டியவர் யாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, தன் நூலைத் தேடி எடுத்து, நாலு பக்கம் படித்ததும் ஆரம்பிப்பார்.

"என்னம்மா இது, இந்தப் புள்ளை மறுபடியும் நின்னுட்டா! ரோடு நேரா இருக்கு, வெளிச்சம் இருக்கு, அப்புறம் என்ன நிக்கிறது? நான் இப்படி ஊர் ஊரா நிறுத்திருந்தேன்னா ஜனங்க என்னைக் கீழ இறக்கிட்டு அவங்களே வண்டிய எடுத்திருப்பாங்க."

"அவ கையில விளக்கு இருக்குங்க. ஓட முடியுமா?" என்பார் அக்கா.

"ஓட வேணாம். ஆமைகிட்ட உக்காந்து பேசாம இருக்கலாம்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார் என்று எழுதலாம்தான், அந்த வசதி அவருக்கு இல்லை. ஆனாலும் படித்தார். ஒருநாள் கூட வந்த மகள் அக்காவிடம் ரகசியமாகச் சொன்னாள்: "வீட்லயும் இதே பேச்சுதான். சாப்பிட உக்காந்தா, அந்தப் பொண்ணு இன்னும் ஆத்தையே தாண்டலன்னு ஒரே திட்டு." அக்கா அன்று முழுவதும் பாடிக்கொண்டே டோக்கன் கொடுத்தார்.

நானூறு தாண்டியது. ஐந்நூறு தாண்டியது. மொட்டையாகக் கிடந்த பகுதியில் ஒற்றை வெள்ளை நூல் முன்னேறிக்கொண்டே போனது. நான் சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த நூல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். என் நூல் இன்னும் ஆமையிடமே இருந்தது. கடைசியில் முழுசெட்டின் நூல் பழுப்புத் தாளை ஒட்டி வந்து நின்ற அன்று, டாக்டரம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். பல்செட் தயாராகிவிட்டது. கச்சிதமாகப் பொருந்தியும் விட்டது.

அவர் பளிச்சென்ற பற்களோடு வெளியே வந்தார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உக்காருங்க, கொஞ்சம்தான் பாக்கி, முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"நல்லதாப் போச்சு. இனிமே அந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." புதுப் பல்லில் எழுத்துகள் வழுக்கினாலும் வீறாப்பு வழுக்கவில்லை. படியிறங்கிவிட்டார்.

அப்போது அக்கா செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தை வாரி எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். வாசலைத் தாண்டக்கூடாத புத்தகம் தெருவில், வெயிலில், அவர் நீட்டிய கைகளில் இருந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. மெதுவா கொண்டாந்து குடுங்க. கொண்டாரலைன்னாலும் பரவால்ல."

"எனக்கென்ன வேற வேலை இல்லையா?" என்று கையை வீசிவிட்டு அவர் நடந்தார்.

அந்த வாரம் ஐந்துக்குப் பிறகு எட்டைக் கூப்பிட்டார் அக்கா. பிடுங்க வந்தவரைச் சுத்தம் செய்ய அனுப்பினார். ஒரு குழந்தை பக்கத்தின் மூலையை மடக்கியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் வேண்டுமானால் வேகமாகப் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஆமைகிட்டயே இருங்க" என்றார்.

அடுத்த வாரம் நான் உட்கார்ந்திருந்தபோது முழுசெட்டு வந்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு, நேராக மேசைக்கு. "கீழ்ப் பல்லு குத்துது. ஒரே ரணம்."

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, விரலால் தடவி, சுற்றிலும் பார்த்தார். சிவப்பு இல்லை, புண் இல்லை, ஒன்றும் இல்லை. "எங்க குத்துது?" என்றதற்கு அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் காட்டினார். டாக்டரம்மா கெட்டிக்காரி. திறந்திருந்த கதவு வழியாக அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "மேல கீழ ரெண்டையும் கழட்டிக் குடுங்க. லேசா ராவி, மெருகு போட்டுத் தரேன். நேரமாகும். வெளிய இருங்க."

முழுசெட்டு பொக்கை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நடுமேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து, தன் நூல் இருந்த இடத்தில் விரித்து, அக்காவின் முன் வைத்து, பழுப்புத் தாளை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

அக்கா பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அவசரத்தில் ஒரு பின் நகக்கண்ணில் ஏறியது. தாளை உரித்துப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதன் பிறகு அந்த அறையில் நடந்தது என்று எதுவும் இல்லை. ஒரு மனிதர் படித்தார், ஒரு பெண்மணி அவரைப் பார்க்காதது போலப் பார்த்தார். உள்ளே ராவும் சத்தம். ஐந்தாம் நம்பர் தன்னைக் கூப்பிடவில்லையே என்று எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். முழுசெட்டு எந்தப் பக்கத்திலும் திட்டவில்லை. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு முந்தைய பக்கத்துக்குப் போய் மறுபடி படித்ததைக்கூடப் பார்த்தேன். கடைசித் தாளில் வெகுநேரம் இருந்தார். பிறகு மூடினார்.

"எப்படி?" என்றார் அக்கா. இத்தனை வருஷப் பேச்சும் அந்த ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றது. "மெதுவாதான் போச்சா?"

அவர் வாயைத் திறந்தார். பல் உள்ளே டாக்டரம்மாவிடம் இருந்தது. காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தார். இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக விரித்து, வலது கையை அதைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, சுவரோர நாற்காலியிலிருந்து மேசையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். எங்கும் நிற்காத வண்டி ஓட்டியவர் அடிமேல் அடிவைத்து வந்தார். நாங்கள் கால்களை இழுத்துக்கொண்டு வழிவிட்டோம்.

மேசைக்கு இரண்டடி இருக்கும்போது மின்விசிறி அவர் பக்கமாகத் தலையைத் திருப்பத் தொடங்கியது. அக்கா எட்டி அதை நிறுத்தினார்.