டூ வீலரில் வந்தவர் என்ன ஆனார்?

போன மாதம் முதல் ஞாயிறு, எங்கள் சபையில் சாமுவேல் எழுந்து நின்று சாட்சி சொன்னார்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்வது அல்ல. கடந்த மாதம் கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்பும் நின்று சொல்லி நன்றி கூறுவது. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால் இதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பையனுக்கு வேலை கிடைத்தது, கிட்னிக் கல் கரைந்தது, வரன் அமைந்தது... பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எவ்வளவு விவரமாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்ல சாட்சி என்று ஒரு எண்ணம் எங்களிடம் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு.

சாமுவேல் திருத்தணியில் ஃபிளெக்ஸ் பிரின்டிங் கடை வைத்திருக்கிறார். நாற்பதைத் தொடாத வயது. எல்லாக் கட்சிக்கும் எல்லாச் சாமிக்கும் பேனர் அடிப்பவர் — வாயும் கொஞ்சம் பேனர் மாதிரி, பெரிய எழுத்து.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! பொதட்டூர்பேட்டையில ஒரு வீட்ல ஜெபக் கூட்டத்துக்குப் போயிட்டு, நானும் என் சம்சாரமும் கார்ல திரும்பி வந்துகினு இருந்தோம். பொழுது சாயற நேரம். ஒரு வளைவுல எதிர்ல லாரி. நான் இந்தப் பக்கம் ஒடிச்சேன். அங்க ஒரு டூ வீலர்! டமார்னு ஒரு சத்தம். இன்னைக்கு முடிஞ்சிதுடா சாமுவேலுன்னு நெனச்சேன். ஆனா பாருங்க... சைடு கண்ணாடி மட்டும்தான் போச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. சுகமா வீடு வந்து சேர்ந்தோம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. நானும்தான் சொன்னேன்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"டூ வீலர்ல வந்தவரு இன்னா ஆனாரு?"

கேட்டவர் எஸ்தர். அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறவர். பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் ஊர், உறவு, பிள்ளைகள், வியாதி எல்லாவற்றையும் அரக்கோணம் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார். அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை என்பது எனக்கு நிச்சயம். கதையில் ஒரு ஆள் குறைகிறாரே என்று கேட்டார். அவ்வளவுதான்.

சாமுவேல் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"தெரியலைங்க அக்கா... நாங்க நிக்கல."

எங்கள் பாஸ்டர் நல்ல மனிதர். சங்கடமான இடத்தில் பாட்டு எடுப்பது அவர் வழக்கம். எடுத்தார். பிறகு திருவிருந்தின் அப்பத் தட்டு சுற்றி வந்தது. மனதில் குற்றம் உறுத்துகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள். சாமுவேல் அதை எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் அவர் மனைவி சாந்தியும் எடுக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம், எல்லோரும் பார்த்தோம்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு சின்னக் கூட்டம். சபைச் செயலாளர் ஜான்சன் சாமுவேலின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உடு சாமுவேலு. அந்தத் தம்பி யாரா இருந்தாலும் நாம அவருக்காக ஜெபிச்சிக்கலாம். இப்ப போய் தேடிகினு நின்னா கேஸு ஆயிடும். காலம் வேற சரியில்ல. நாளைக்கு சபைக்குத்தான் கெட்ட பேரு."

"அவரு எந்திரிச்சாரா இல்லையான்னு கூட தெரியாது, அண்ணா" என்றார் சாந்தி. "நான் திரும்பிப் பார்த்தேன். கீழ கெடந்தாரு. இவரு கிட்ட நிறுத்துங்கன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"கூட்டம் சேர்ந்தா அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்றார் சாமுவேல்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சாலையில் இடித்தவர்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? நிற்காதவர்களில் எல்லா மதமும் உண்டு. மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்து நன்றி சொல்கிறவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார் — 'பஸ் கவிழ்ந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.' 'வெள்ளம் வந்தது, எங்கள் தெருவுக்கு வரவில்லை.' நம் நன்றிகளை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் யாராவது ஒருவர் விழுந்து கிடக்கிறார். நாம் அவரைத் தாண்டி வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அல்லது சூடம்.

சாமுவேல் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க தெனமும் ரெண்டு பேப்பர் வரி விடாம படிக்கிறவரு. தேதி போட்டு எல்லாம் குறிச்சி வெப்பீங்க. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. எதனா போட்டிருந்தானா?"

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. காவடிக் கூட்டத்துக்காக சிறப்பு ரயில் அறிவித்திருந்தார்கள். மழை இல்லை. மறுநாள் பேப்பரில் பொதட்டூர்பேட்டை சாலையில் விபத்து என்று ஒரு வரி கூட இல்லை.

"அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் ஜான்சன்.

"பேப்பர்ல வரலன்னா ஒண்ணும் ஆகலன்னு அர்த்தமா, அண்ணா?" என்றார் சாந்தி.

மறுநாள் காலை சாமுவேல், சாந்தி, நான் மூவரும் கிளம்பினோம். என்னை ஏன் அழைத்தார்கள் என்று கேட்டேன். "உங்க தலைமுடி வெள்ளையா இருக்குதே சார், கொஞ்சம் யோசிச்சி அடிப்பாங்க" என்றார் சாமுவேல். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அந்த வளைவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. வண்டியை ஓரம் கட்டினோம். டீ சொல்லிவிட்டு நான்தான் பேச்சைத் தொடங்கினேன். கிருத்திகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இங்கே யாராவது டூ வீலரிலிருந்து விழுந்தார்களா?

"ஆங், விழுந்தானே! நம்ம முனிரத்தினம்" என்றார் கடைக்காரர். "தறி ஓட்டறவன். திருத்தணிக்குப் போயி காவடி சாமானெல்லாம் வாங்கிகினு வந்தான். கழுத்துல மாலை. மாலை போட்டுகினு குடிச்சிருக்கான் பாருங்க, அதான் முருகரே கீழ தள்ளிட்டாரு. நாங்கதான் ஆட்டோல ஏத்தி அனுப்பினோம். கை ஒடைஞ்சி போச்சு."

"குடிச்சிருந்தாரா? நீங்க பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்க்கணுமா சார்? அவன் சரித்திரமே அதான். கார் இடிச்சிதுன்னான். போன வருசம் சாக்கடையில விழுந்தப்ப லாரி இடிச்சிதுன்னு சொன்னவன் சார் அவன்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாமுவேல் கையிலிருந்த கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் திரும்பி வந்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லை, தெரிந்துவிட்டது. ஊரே ஒரு காரணத்தை முடிவு செய்து வைத்திருக்கிறது. யாரும் யாரையும் தேடவில்லை. இன்னொன்றும் எனக்குத் தோன்றியது — ஜெபக் கூட்டத்திலிருந்து வந்த கார், மாலை போட்டவர் மேல் மோதிவிட்டு நிற்காமல் போனது. வாட்ஸ்அப்பில் திரித்து அனுப்ப இதைவிட வேறென்ன வேண்டும்? ஜான்சனின் பயம் வெறும் கோழைத்தனம் அல்ல என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"வீடு எங்க?" என்று கேட்டார் சாமுவேல்.

முனிரத்தினத்தின் வீட்டில் முன்பக்கம் முழுக்கப் பவர்லூம். அவர் மனைவி கஸ்தூரி தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் ஓரமாக நாற்காலியில். வலது கை மாவுக்கட்டில். மச்சான் பாபு, கஸ்தூரியின் தம்பி, பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுவரில் முருகன் படம். அதன் மேல் ஒரு துளசிமணி மாலை.

தறிச் சத்தத்தில் சாமுவேல் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முனிரத்தினம் மட்டும் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

"கஸ்தூரி! தறிய நிறுத்து. இங்க வா."

அந்த அம்மாள் நிறுத்தினார். கணவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார் முனிரத்தினம்.

"அன்னைக்கு உங்கள இடிச்ச கார் என்னுதுங்க. நான்தான் ஓட்டினேன். நிறுத்தாம போயிட்டேன். தப்பு என்னுது."

பாபு எழுந்து வந்து சாமுவேலின் சட்டையைப் பிடித்தார். "இன்னா தைரியம்யா உனக்கு..."

"உட்ரா பாபு!" என்றார் முனிரத்தினம். "முழுசா சொல்லி முடிக்கட்டும். அப்பால அடி."

பாபு கையை எடுத்தார். அப்புறம் அவருக்கு என்ன தோன்றியதோ, படத்தின் மேலிருந்த மாலையைப் பார்த்தார். அதைக் கழற்றியதே அவர்தானாம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, 'மாலையோட குடிச்சிட்டியே பாவா, உன் கழுத்துல அது இருக்கக் கூடாது' என்று தெருவே பார்க்கக் கழற்றி மாட்டியிருக்கிறார். கிருத்திகைக்கு எல்லோரும் மலையேறினார்கள். முனிரத்தினம் வீட்டில் இருந்தார். மனைவி அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை.

"நான் சொன்னேனே கஸ்தூரி" என்றார் முனிரத்தினம். "வெள்ளைக் காரு, பின்னாடி சிலுவை ஒட்டியிருந்துதுன்னு சொன்னேனே. சிலுவையப் பார்த்ததும் நிறுத்துவாங்கன்னு நெனச்சி, கீழ கெடந்து பார்த்துகினே இருந்தேன்னு சொன்னேனே."

சாந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

கஸ்தூரி சாந்தி பக்கம் திரும்பினார். "நீயும் வண்டில இருந்தியாம்மா?"

"இருந்தேங்க."

"நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் இந்த மனுசன இத்தினி நாளா இன்னா பேச்சு பேசிட்டேன் தெரியுமா?"

ஆஸ்பத்திரிச் செலவு, இன்சூரன்ஸ் என்று நான் ஆரம்பித்தேன். வயதானவர்களுக்கு இப்படி ஒரு வியாதி — சங்கடம் வந்தால் காகிதத்துக்குப் போய்விடுவோம். முனிரத்தினம் இடது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பால பேசலாம் சார். மொதல்ல இவரு தெருவுக்கு வந்து இதச் சொல்லணும். எதிர் வீட்டுக்குக் கேக்கணும். அந்த டீக்கடைக்காரனுக்குக் கேக்கணும். இவரு ஒருத்தரு சொன்னாத்தான் ஆவும். நான் சொன்னா சாக்கடை, லாரின்னு சிரிப்பானுங்க."

சாமுவேல் தெருவுக்கு வந்து சொன்னார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வந்தார்கள். கேள்விகள் வந்தன, சில வசவுகளும் வந்தன. மதம் பற்றி ஒருவர் ஆரம்பித்தபோது பாபுவே, "தா, அந்தப் பேச்சு வேணாம். வந்து நிக்கறாரு இல்ல" என்று அடக்கினார். பெரிய எழுத்தில் பேசும் சாமுவேல் அன்று சின்னக் குரலில்தான் பேசினார். கேட்காதவர்கள் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார். டீக்கடைக்குப் போய் அங்கேயும் சொன்னார். கடைக்காரர் நெடுநேரம் பாய்லரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். யாரும் பிடித்து வராமல் தானாகவே வந்து நின்றவரை அவர்கள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்கள். வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வழக்குப் பதிவானது.

இந்த மாதம் முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு முன் ஜெப விண்ணப்பங்கள். ஜான்சன் எழுந்தார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"நம்ம சாமுவேல் தம்பி மேல இருக்கற கேஸு தள்ளுபடி ஆகணும்னு எல்லாரும் ஒருமனமா ஜெபிக்கணும்."

பாஸ்டர் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம்.

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தரின் குரல்.

"தள்ளுபடி ஆயிட்டா, அந்த மனுசன் மறுபடியும் குடிச்சிட்டு விழுந்தவர் ஆயிடுவாரே, பாஸ்டர்?"

அன்று பாஸ்டருக்குப் பாட்டு எதுவும் தோன்றவில்லை.