சீனக் கேத்திலுக்குள் வேர்க்கொம்பு

போன மாதம் யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கேக் கடைக்குப் போயிருந்தேன். மேசைக்கு மேசை சின்னஞ்சிறு சீனக் கோப்பைகளில் கள்ளிச்செடி நட்டு வைத்திருந்தார்கள். கேக் துண்டுகள் வந்ததோ, அடியில் தண்ணீர் வடிவதற்காகச் செய்த மூங்கில் தட்டில். கூட வந்த சிநேகிதி வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சாமான்களெல்லாம் என்னத்துக்கு என்று தெரிந்தவள் இந்தக் கடையிலேயே நான் ஒருத்திதான் என்று மனதுக்குள் ஒரு பெருமையும் வந்தது.

அவற்றை நான் முதலில் கண்டது ஒன்பது வயதில், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில். அம்மாவின் தம்பி, என் மாமா, பன்னிரண்டு வருடம் கப்பலில் வேலை செய்துவிட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வாசனைச் சோப்பும் சொக்கிலேற்றும் வரும் என்று நான் அவருடைய பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெட்டிக்குள் இருந்து வந்ததோ கைக்குள் அடங்குகிற ஒரு மண் கேத்தில், ஒரு வாய்த் தேநீர்கூடக் கொள்ளாத ஆறு கோப்பைகள், மூடி போட்ட கிண்ணம், மர இடுக்கி, மூங்கில் தட்டு, பிறகு ஒரு களிமண் தவளை. கப்பலில் சமையல் செய்த சீனக் கிழவர் கொடுத்துவிட்டாராம். மிஞ்சுகிற தேநீரைத் தவளையின் தலையில் ஊற்ற வேண்டுமாம்.

"அபிசேகமோ?" என்று கேட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டாள்.

ஆனால் சாமான் வீட்டுக்குள் வந்தபின் அம்மா அதைச் சும்மா இருக்க விடுவாளா? ஒரு மாதத்துக்குள் மூடி போட்ட கிண்ணம் சாமி அறையில் திருநீற்றுக் கிண்ணமாகிவிட்டது. இடுக்கியால் கொதி எண்ணெயில் இருந்து வடை எடுத்தாள். ஒரு கோப்பை என் இருமல் மருந்தை அளக்கப் போனது. மாமா எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தார். கேத்திலை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஒருநாள் நான் சவர்க்காரத்தோடு அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக, பின்னாலேயே ஓடிவந்து பறித்துக்கொண்டார்.

"உது வெறும் சுட்ட மண், பிள்ளை. பளபளப்பு ஒண்டும் பூசேல்லை. ஊத்திற தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வைச்சிருக்கும். சவர்க்காரம் போட்டால் அதையும் குடிச்சுப்போடும்."

பின்னேரம் ஐந்தரை மணியானால் மாமா முன் அறையில் தட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். வீட்டில் இருந்தால் ஒரு நாளும் தவறியதில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா என்னைக் குசினியை விட்டுத் துரத்துவாள். "போ, மாமாவோடை போய் இரு." நான் போய் எதிரே சம்மணம் கட்டி உட்காருவேன். அவர் கேத்திலைச் சுடுநீரால் கழுவி, இலை போட்டு, முதல் தண்ணீரைத் தட்டில் வடித்துவிட்டு, இரண்டாம் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக நிரப்புவார். எனக்கு அந்தத் தேநீர் பிடிக்காது, கசக்கும். தவளையைக் குளிப்பாட்டலாம் என்பதற்காகத்தான் பொறுத்துக்கொண்டு இருந்தேன்.

மாமாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சாதகம் பொருந்தி வந்த சம்பந்தம் மூன்றும், வீடு பார்க்க வந்து போனபின் பேச்சு மூச்சில்லாமல் நின்றுபோயின. ஏனென்று என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்? நான்காவதாக நீர்வேலியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனுக்கு வாழைத் தோட்டம். அதே வாரம் கப்பல் கொம்பனியும், மருத்துவச் சோதனையில் தேறினால் திரும்ப வரலாம் என்று மாமாவுக்குக் கடிதம் போட்டது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மாமா சொன்னார்:

"இதுவும் சரிவராட்டி நான் கப்பலுக்குப் போறன், அக்கா. இன்னொரு வீட்டுக்காரருக்கு முன்னாலை போய் இருக்க என்னாலை ஏலாது."

அம்மா சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிறவர் அவர்தான், அப்பாவிடம் எனக்காகப் பொய் சொல்கிறவரும் அவர்தான். நீர்வேலிக்காரருக்கு மாமாவைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நான் ஐந்து தேங்காய் நேர்ந்தேன். அதை வாங்க என்னிடம் வழி இருக்கவில்லை, அது வேறு கதை.

கடிதத்துக்குப் பதில் சொல்லவும் அந்த மருத்துவச் சோதனைக்கும் மாமா கொழும்புக்குப் போனார். ஒன்பது நாள் திரும்பவில்லை. எனக்குச் சளி பிடித்ததும் அப்போதுதான். அம்மா ஒவ்வொரு காலையும் வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் மிளகும் தட்டிப்போட்டு அவித்து, ஒரு பெரிய கோப்பையில் என் முன்னால் வைப்பாள். தொண்டைக்குள் நெருப்புக்கொள்ளியை வைத்த மாதிரி எரியும். கிணற்றடியில் ஊற்றலாம் என்றால் குசினி யன்னலுக்கு நேரே கிணறு. முற்றத்தில் அப்பா வெங்காயம் கட்டிக்கொண்டிருப்பார். ஒருவருடைய கண்ணும் படாத இடம் முன் அறை அலுமாரி ஒன்றுதான். அலுமாரிக்குள் மாமாவின் கேத்தில் இருந்தது.

முதல் நாள் பயந்து பயந்துதான் ஊற்றினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்துக் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டு, தண்ணீரால் அலசித் திரும்ப வைத்தேன். இரண்டாம் நாள் பயம் இல்லை. ஒன்பது நாளும் அந்தக் கேத்தில் எனக்காக மருந்து குடித்தது. என் சளியும் தானாகவே மாறிவிட, அம்மா தன் மருந்தின் திறத்தை அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

மாமா வந்து சேர்ந்தது நீர்வேலிக்காரர் வருவதற்கு முதல் நாள் இரவு. மறுநாள் பத்து மணிக்குப் பெண்ணின் தாயும் தகப்பனும் ஒரு கதலி வாழைக் குலையோடு வந்து இறங்கினார்கள். அம்மா பயத்தம் பணியாரமும் பால் தேநீரும் ஆயத்தமாக வைத்திருந்தாள். அந்தப் பெரியவரோ உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னார்:

"தம்பி சீனத் தேத்தண்ணி ஊத்துவாராம் எண்டு தரகர் சொன்னவர். அதையே தரட்டுமன்."

மாமா தலையாட்டிவிட்டு அலுமாரியைத் திறந்தார். ஓடிப்போய்ச் சொல்வதா, ஓடியே போய்விடுவதா என்று தெரியாமல் நான் கதவுச்சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுடுநீர் கேத்திலுக்குள் விழுந்ததும் ஆவி கிளம்பியது. கதவடியில் நின்ற எனக்கே மணத்தது, சுத்தமான வேர்க்கொம்பு. மாமாவின் கை ஒரு கணம் நின்றது. மூடியைத் தூக்கி மணந்து பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி நேரே என்னைப் பார்த்தார். நிலம் பிளந்தால் உள்ளே குதித்திருப்பேன்.

அவர் நிறுத்தவில்லை. இலையைப் போட்டார். முதல் தண்ணீரை வடித்தார். இரண்டாம் தண்ணீரை ஐந்து கோப்பைகளுக்கும் விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொன்றாக இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். பெரியவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மணத்தைப் பிடித்துவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மாமா கப்பலேறிப் போகிறார், நான் கையசைத்து அழுகிறேன், எல்லாம் என் கண்ணுக்குள் வந்து போயின.

பெரியவர் குடித்தார். நாக்கைச் சப்பினார்.

"என்ன தம்பி, வேர்க்கொம்பு மணக்குது?"

"ஓம் ஐயா," என்றார் மாமா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இந்த வீட்டிலை ஊத்திறது இப்பிடித்தான்."

பெண்ணின் தாய் தன் கோப்பையை வைத்தாள். "நெஞ்சுக்கு நல்லதெல்லே. சீனரும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான் போலை."

"இன்னொருக்கா ஊத்தும் தம்பி," என்றார் பெரியவர். மாமா ஊற்றினார். பெரியவர் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடியும் நீட்டினார். நான்கு முறை ஊற்ற வைத்தார். நான்காவதைக் குடித்து முடித்தபின் முதல் தடவையாகச் சிரித்து, பணியாரத்தை எடுத்துக் கடித்தார்.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் நான் பெரிதாக அழத் தொடங்கி, ஒன்பது நாள் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள், எனக்கு ஏச மறந்தே போனாள். அடுத்த நாள் தரகர் சைக்கிளை நிறுத்த முன்னமே "சரியாம், சரியாம்" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்த இரவு எங்கள் வீட்டில் எல்லாருமே ஒழுங்காகச் சாப்பிட்டோம். என் மருந்துதான் மாமாவைக் காப்பாற்றியது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

இருபது வயதுவரை அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒருநாள், மாமாவைக் கட்டிய நீர்வேலி மாமிதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தேநீர் என்ன ருசி என்று தன் தகப்பனுக்கு இன்றைக்கும் தெரியாதாம். வீடு திரும்பியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்:

"ஆள் விட்டிட்டுது. கை நடுங்கேல்லை."

மாமா கப்பலில் குடித்துக் குடித்து, வேலை பறிபோய்த்தான் வந்தவர் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று போன மூன்று வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

கேக் கடையில் இருந்து வந்த அன்று மிச்சத்தை அம்மாவிடம் கேட்டேன். வந்த புதிதில் மாமாவால் ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாதாம். போத்தலைத் தேடுகிற நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடு, ஆனால் தனியே இருந்து ஊற்றாதே, எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அந்தச் சீனக் கிழவர் சாமான்களைக் கட்டிக் கொடுத்தாராம்.

"வேறை ஆரை இருத்திறது?" என்றாள் அம்மா. "உன்ரை அப்பா இருந்தால் அவன் வெக்கப்படுவான். நான் இருந்தால் அழுதுபோடுவன். நீ எண்டால் ஒண்டும் தெரியாமல் இருப்பாய்."

ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். தேநீர் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, எப்போது எழும்பலாம் என்று பார்த்துக்கொண்டு, ஒரு வருடம் முழுக்க அவருக்குக் காவல் இருந்தேன்.