ஃபென்னியின் தொட்டியில் ஆற்று மணல்

நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் எங்கள் மீன்தொட்டிச் சங்கம் கூடுவது ஒரு காபிக்கடையின் மாடியில். நனைந்த கோட்டுகளின் வாடை, சுருட்டுப் புகை, ஜாடிகளில் கைமாறும் செடித் துண்டுகள். எழுபதுகளின் அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் மூக்கில் அந்த மணம்தான் முதலில் ஏறுகிறது. இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஃபென்னி ஹாவர்காட்டே ஒருத்திதான் பெண். தேன்கேக் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவள், தனியாக இருந்தாள்.

அவள் வளர்த்தது தொட்டியின் அடியில் மேயும் குட்டிக் கெளுத்திகள். ஒருநாள் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்:

"என் கெளுத்திங்களுக்கு மீசையெல்லாம் தேஞ்சுபோச்சு. ஜல்லி கிழிக்குது. அள்ளிட்டு மணல் போடப் போறேன்."

சங்கத்தின் வருடப் போட்டிக்கு வீடு வீடாகப் போய்த் தொட்டிகளுக்கு மதிப்பெண் போடுகிறவர் யூரியன் ஸ்லோட்போம். குழாய் வேலைக்காரர், மனைவியை இழந்தவர், பெரிய மீசைக்காரர். மணல் என்றால் அழுகும் என்பது அவர் கட்சி.

"ஏம்மா, தொட்டி வைக்கிறியா, கடற்கரை வைக்கிறியா? அப்படியே ஒரு குடையும் வாங்கிக்கோ."

மாடியே சிரித்தது.

"உன் மீசையைத் தினம் ஜல்லியில தேச்சுப் பாரு யூரியன், அப்புறம் பேசு," என்றாள் ஃபென்னி. இன்னும் பலமாகச் சிரித்தோம்.

கோடையில் ஐசெல் ஆறு வற்றிக் கரை தெரிந்தபோது சைக்கிள் பைகளில் மணல் அள்ளி வந்தாள். ஒரு பிடியில் வினிகர் ஊற்றி, நுரைக்கவில்லை, சுண்ணாம்பு இல்லை என்று தெரிந்துகொண்டாள். தண்ணீர் தெளியும்வரை அலசி அலசி, செடிகளுக்கு வேரோட இடம் வேண்டுமே என்று ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினாள். கெளுத்திகள் கண்வரை மணலில் முகம் புதைத்துச் செவுள் வழியாகப் புகைபோல மணலை ஊதின. எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

குளிர்காலத்தில் செடிகள் மஞ்சளித்தன. பெரிய செடி ஒன்றை அவள் வேரோடு பிடுங்க, அடியிலிருந்து குமிழ்கள் கிளம்பின; அழுகிய முட்டை நாற்றம். வேர்கள் கன்னங்கரேலென்று இருந்தன. மறுநாள் காலை மீன்கள் மிதந்தன.

அடுத்த கூட்டத்தில் அவளே அதைச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்த யூரியன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "எல்லாமேவா போச்சு?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சம்."

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டு மாடிப்படியில் இரண்டு வாளிகளோடு நின்றார் அவர்.

"மணலைப் பத்திப் பேச வரல. வாளி தூக்க வந்தேன்."

கறுத்த மணலை அள்ளிக்கொண்டே, இனியாவது ஜல்லி போடச் சொல்லிக் கெஞ்சினார். ஃபென்னி மசியவில்லை.

"மணல் மேல தப்பில்ல. நான்தான் மெத்தை மாதிரி குவிச்சுட்டேன். அடியில மூச்சு முட்டிப்போச்சு."

இந்த முறை முன்பக்கம் இரண்டு விரல் கனம். வலுத்த வேர்ச் செடிகள் நிற்கும் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மேடு, அங்கே வேரடியில் களிமண் உருண்டைகள். மண்ணுக்குள் புகுந்து கிளறும் கூம்பு நத்தைகளை நாங்கள் சனியன் என்று பொறுக்கி எறிவோம். அவற்றை எல்லாரிடமும் கேட்டு வாங்கினாள்.

"ஃபென்னி, சீர்வரிசை வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டு ஆளுக்கொரு ஜாடி கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மறுவருடம் மதிப்பெண் போட யூரியன் வந்தபோது நானும் கூட இருந்தேன். புதிதாக வந்த கெளுத்திகளுக்கும் பிழைத்துக் கிடந்த அந்தப் பழைய ஒன்றுக்கும் நீண்ட மீசை. கண்ணாடியில் முத்து முத்தாக முட்டை. மனுஷர் பேனாவை மூடிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் முடிவு சொன்னபோது அவளுக்கு மூன்றாமிடம்தான்.

"ஏன்யா மூணாவது? மணல்னாலயா?"

"மணலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மூலையில செவப்புச் செடி வெளுத்துக் கிடக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். "உண்மைதான். பாழாப்போனவன், கண்ணு கழுகுக் கண்ணு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு அவர் அங்கேதான். எப்போது கல்யாணம் என்று சங்கமே காத்திருந்தது. நான் கேட்டேவிட்டேன்.

"ஆளுக்கொரு பெரிய தொட்டி இருக்கு. ரெண்டையும் ஒரு கூடம் தாங்காதுப்பா," என்றாள்.

பல வருடங்கள் அப்படியே ஓடின. ஒரு வசந்தத்தில் யூரியன் இறந்துபோனார். அவருடைய தொட்டியை எடுத்துப்போக மகன் வரவில்லை. ஃபென்னி தன் சாப்பாட்டு மேசையை விற்று இடம் பண்ணினாள். நாங்கள் நாலு பேர் மூச்சிரைக்க அதை மாடிக்கு ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே வந்தாள். இறக்கி வைத்தபின், மேசை இல்லாததால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் வைத்த பட்டாணி சூப்பைக் குடித்தோம். சூடாக இருந்தது.