இரண்டாவது மேடு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மேட்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஹைட்ரஜனையும் காற்றையும் வாங்கிக்கொண்டு மின்சாரம் தரும் எரிபொருள் கலம் ஒன்றுக்கு அவர்தான் காவல். மணிக்கொரு தரம் அதற்குள் மெல்லிய மின்சாரத்தை அசைத்து அனுப்புவார். கலம் எவ்வளவு தடுக்கிறது என்பது திரையில் இரண்டு மேடுகளாக வரும். கலமே பழுதானால் முதல் மேடு வீங்கும்; காற்று சரியாகப் போகாவிட்டால் இரண்டாவது மேடு வீங்கும். பிரித்துப் பார்க்காமலே உள்ளே மூச்சு முட்டுவது தெரிந்துவிடும்.

மனைவியைக் கடவுள் அழைத்துக்கொண்டபின் வீட்டில் பேச்சுத்துணை இல்லை. மகள் கடல் கடந்து இருந்தாள். வாரத்தில் ஒரு மத்தியானம் கூப்பிடுவாள். சில வாரம் அதுவும் இருக்காது.

அன்று அவள் கூப்பிடும் நாள். போன் அணையப் பார்த்தது. எட்டும் தூரத்தில் ஒரே பிளக். காற்றுக்குழாயைச் சூடாக வைக்கும் வயர் அதில் இருந்தது. பத்தே நிமிஷம் என்று அதைப் பிடுங்கிப் போனைச் செருகினார். மகள் கூப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மணி நேரம் ஓடியது.

அளவைச் சரிபார்க்க வந்த பொறியாளர் அம்மா திரையைப் பார்த்தாள்.

"என்னண்ணே, உங்க மேடு மலையாயிடுச்சு?"

அவர் போனை விட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம் ஓடிச்சுல்ல, உள்ள தகடு போயிருக்கும். கழட்டித் தூக்கிப் போட்டுடலாம்." ஸ்பானரை எடுத்தாள்.

முதல் மேடு இம்மியும் அசையவில்லை. அப்படியென்றால் கலத்தில் கோளாறில்லை, காற்றில்தான். குழாய் ஆறி, ஈரக்காற்று தண்ணீராகி வழியை அடைத்திருக்கிறது. சொன்னால் வேலை போகலாம். போனால், "அண்ணே" என்று கூப்பிட ஒரு வாய் இருக்காது. வாயில்லாத கலத்தின் மேல் பழி போட்டுவிட்டு எந்த முகத்தோடு பிரார்த்தனைக்கு உட்காருவது?

"ஸ்பானரைக் கீழ வைம்மா. தப்பு என்னோடது. சூட்டு வயரை நான்தான் பிடுங்கினேன்."

"எதுக்கு?"

"போனுக்கு."

அவள் காற்றை நிறுத்திக் குழாயைக் கழற்றினாள். இரண்டு கரண்டி தண்ணீர் கொட்டியது. மறுபடி மாட்டிச் சூடேற்றியதும் மேடு மெல்லத் தணிந்தது.

"பதிவுல எழுதித்தான் ஆகணும்ணே."

"என் பேரைப் போட்டே எழுதும்மா."

எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள். "பொண்ணு கூப்பிட்டாளா?"

"இல்லம்மா."

"நாளைக்கு நேரத்துக்கு வந்துடுங்க. இந்த மேட்டோட உங்களை விட்டா யாரு மல்லுக்கட்டுறது?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைச் சுவரில் செருகினார். அந்த அறையில் மட்டும் நாலு பிளக். மற்ற மூன்றும் வெறுமனே இருந்தன.