பாஸான காது

பாதுகாப்பு அதிகாரியைக் கண்டதும் மனிதர்கள் அவசரமாகத் தேடுவது ஹெல்மெட்டை. அவர் தலை மறைந்ததும் அவசரமாகக் கழற்றுவதும் அதைத்தான். மலேசியாவில், பகாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் எனக்கு வாய்த்த உத்தியோகம் இது. எங்கே போனாலும் வேண்டாத விருந்தாளியாகிற வேலையில் நீங்களும் மாட்டியிருந்தால், போன வருடம் என் தலையில் கட்டப்பட்ட கூடுதல் பொறுப்பைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வேலையின்மேல் ஆசை வரவழைக்க வேண்டுமாம்.

சீருடை இல்லாத மேசை

இடைநிலைப்பள்ளி மண்டபத்தில் தொழில் வழிகாட்டி நாள். எனக்கு இடப்பக்கம் ராணுவம், வலப்பக்கம் தீயணைப்புப் படை. இரண்டு மேசையிலும் கூட்டம் நெரிந்தது. என் மேசையில் கையுறையும் ஹெல்மெட்டும் என்னைப்போலவே சும்மா உட்கார்ந்திருந்தன.

தீயணைப்பு வரிசையில் இடம் கிடைக்காத நான்காம் படிவப் பையன் ஒருவன் என்னிடம் ஒதுங்கினான். விடுவேனா? ஆலையில் யாருக்கும் அடிபடாமல் பார்ப்பது, தோட்டத்தில் மருந்தடிப்பவர்களின் உடம்பைக் கவனிப்பது, கழிவுநீர் ஆற்றில் கலக்காமல் தடுப்பது, இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் படிப்பு இருப்பது என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னது இது: "யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா, நீங்க வேலை செஞ்சீங்களா சும்மா இருந்தீங்களான்னு எப்படி மேடம் தெரியும்?"

வீட்டிலேயே பெரிய சத்தம்

பேச்சு எடுபடவில்லை என்று அடுத்த முறை சத்தம் அளக்கும் கருவியைக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்கு உயிர் வந்துவிட்டது. சிற்றுண்டிச்சாலையை அளந்தார்கள், மணியை அளந்தார்கள், கட்டொழுங்கு ஆசிரியர் யாரையோ திட்டுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று அளந்தார்கள். கருவியைக் கொடுத்தனுப்ப முடியாது. போனில் இதற்கு ஆப் இருக்கிறது, தோராயமாகக் காட்டும், வீட்டில் எது பெரிய சத்தம் என்று பார்த்து வாருங்கள் என்றேன்.

ஒருவன் கோயில் உருமி மேளத்தைச் சொன்னான். ஒருத்தி அம்மாவைச் சொன்னாள். லோகேஸ்வரி மட்டும் சிரிக்காமல், எங்கள் வீட்டு டிவி என்றாள். அவள் அப்பா மணியம் எங்கள் ஆலையில்தான் பாய்லர் பார்க்கிறார். அவர் டிவி பார்க்கும்போது பக்கத்து அறையில் படிக்க முடியாதாம். அம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஆலையில் நடக்கும் காது பரிசோதனையில் பாஸ் என்று போன வருடம் அவரே வந்து சொன்னதிலிருந்து, வேண்டுமென்றே தன்னை மதிக்கவில்லை என்று அம்மா முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டாராம்.

ஒரு தொழிலாளியின் பரிசோதனை முடிவை நான் அவர் மகளிடம்கூடப் பேசக்கூடாது. அவள் விடவில்லை: "அப்பாவுக்குக் கேக்கலையா மேடம், இல்ல எங்ககூடப் பேசப் பிடிக்கலையா?"

வேன் வந்த நாள்

அந்தப் பரிசோதனைக்கு வருடா வருடம் கிளினிக்கிலிருந்து வேன் வரும். உள்ளே சின்னக் கூண்டு. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த நாளாகப் பார்த்துப் பிள்ளைகளை ஆலைக்கு அழைத்திருந்தேன். மணியத்துக்கு மத்தியான ஷிப்ட். அதற்கு முன்பே பிள்ளைகள் ஆளுக்கு ஒருமுறை கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

லோகேஸ்வரி மட்டும் இன்னொரு முறை உட்காரக் கேட்டாள். இரண்டு தடவையும் நன்றாகவே வந்தது. வெளியே வந்தவள், முடியை ஒதுக்கி இரண்டு காதிலிருந்தும் நாங்கள் கொடுத்த காதடைப்பானைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். இரண்டாவது முறை எதுவுமே கேட்கவில்லையாம். கண்ணாடி வழியாக, கருவியை இயக்குகிற கிளினிக் அண்ணனின் முழங்கை தெரிந்ததாம். அது அசையும்போதெல்லாம் அமுக்கினாளாம்.

நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை நன்றாகத்தான் தெரிந்தது. எத்தனை வருடமாக இந்த வேனை வரவழைக்கிறேன், ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் முகமும் சட்டென்று வாடியது. மற்ற பிள்ளைகள் தள்ளிப் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் சொன்னதால அப்பாவுக்கு வேலை போயிருமா மேடம்?"

சுவரைப் பார்த்த நாற்காலி

போகாது என்று அவளிடம் சொன்னேன். நிர்வாகியிடம் போய் அதை உறுதிப்படுத்திக்கொண்டு, மத்தியான ஷிப்ட் ஆட்களைக் கூட்டிவைத்து எல்லாருக்கும் சொன்னேன். காது மங்கியவருக்கு வைத்தியம் உண்டு, வேலையில் மாற்றம் உண்டு, வெளியே அனுப்புவது கிடையாது. சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம். வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. இந்த வித்தை பலருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மணியம் கூண்டின் வாசலில் நெடுநேரம் நின்றார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பாய்லரைவிட்டால் வேறு தொழில் தெரியாது, அனுப்பிவிடுவார்கள் என்றுதான் இத்தனை நாள் முழங்கையைப் பார்த்ததாக மெல்லச் சொன்னார். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

டாக்டர் காது மெஷினுக்கு எழுதிக்கொடுத்தார். ஷிப்டில் பாதி நேரம் சத்தம் புகாத கண்ட்ரோல் ரூமில் இருக்கும்படி வேலையை மாற்றினோம். கொஞ்ச நாள் கழித்து மணியம் என் அறைக்கு வந்தார். வீட்டில் தானே சொல்லிவிட்டாராம். மனைவி அழுதாராம். இப்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிறாராம். எழுந்தவர் கதவருகில் நின்று சொன்னார்: "லோகா உங்க படிப்பத்தான் படிப்பேன்னு நிக்கிறா மேடம், படிக்கட்டும்லா. ஆனா இனிமே எங்க வீட்டுல ஒரு மனுசன் நிம்மதியா பொய் சொல்ல முடியாது."

தொழிலுக்கு ஆள் பிடிக்கப் போன நான், ஆலைக்கு வந்த முதல் நாளே என் வேலையைச் சோதித்துப் பார்க்கிற ஆளைப் பிடித்துவிட்டேன்.