முகத்துக்குப் பின்னால் அக்கா தேர்ந்தெடுத்த துணி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. அக்காவின் கணவர், மாமாவைத்தான் எழுதச் சொன்னோம். "எனக்கு கம்பெனி பஸ் ஓட்டத்தான் தெரியும், நீயே எழுதுடா" என்று சொல்லிவிட்டார். ஆகவே தம்பியாகிய நான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது திருப்பாச்சூரில். அம்மாவும் நைனாவும் அப்போது பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நைனாவுக்கு வேலை கிடைத்து, நாங்கள் அங்கே ஓர் அறை வீட்டுக்கு மாறினோம். நைனா நோயில் விழுந்ததும் அக்கா பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். நான் ஐ.டி.ஐ. படித்தது அவருடைய உழைப்பில்தான்.

அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களை அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை அக்காவுக்கு வந்தது. கேமரா அப்படித்தான் பழகியது. ஒப்பந்தம் முடிந்து அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் திருமணமாகி மணவாள நகருக்கு வந்திருந்தார். அங்கே மாமாவின் துணையோடு ஸ்டுடியோ திறந்தார்.

முதலில் சுவரில் மாட்டியது பேனர் கடையில் அச்சடித்த நீர்வீழ்ச்சி. வழவழப்பான ஃப்ளெக்ஸ் என்பதால், ஃப்ளாஷ் அடித்தால் நிற்பவரின் காதோரம் வெள்ளையாக ஒரு திட்டு விழும். அதைக் கழற்றிவிட்டு சாட்டின் துணி மாட்டினார், அதுவும் மினுங்கியது. வெல்வெட்டில் மினுக்கம் இல்லை, ஆனால் தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு விடவில்லை. கடைசியில் ஈரமண் நிறத்தில் தடித்த பருத்தித் துணி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் வெள்ளை. மற்ற எல்லோரும் அந்த மண் நிறத்தின் முன்னால்தான் உட்கார்ந்தார்கள்.

ஒருமுறை கும்மிடிப்பூண்டி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணை, வரன் பார்க்கப் படம் எடுக்க அவளுடைய அம்மா அழைத்து வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கொஞ்சம் கலரா வர மாதிரி எடுத்துக் குடும்மா. போன எடத்துல எல்லாம் கறுப்புன்னு தட்டிக்கினே போவுது" என்றார் அந்த அம்மா.

"கலர் மாத்தமாட்டேன்மா. உங்க பொண்ணு எப்டி கீதோ அப்டியே எடுத்துத் தரேன். பாத்துட்டு புடிக்கலன்னா எட்த்துக்க வேணாம்" என்றார் அக்கா.

விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்து எடுத்தார். திரையில் வந்த படத்தை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். "எங்கப்பா மாதிரியே கீறேன்ல?" என்று அம்மாவைக் கேட்டாள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிலேயே பெரிய பிரதியாகவும் ஒன்று கேட்டார். அந்த வரன் அமைந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அந்த ஹாஸ்டல் பெண்கள் விடுமுறை நாட்களில் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

அக்கா பக்கத்து அறையையும் சேர்த்து ஸ்டுடியோவைப் பெரிதாக்க நினைத்திருந்த நேரத்தில்தான் வயிற்றில் நோய் என்று தெரிந்தது. வைத்தியத்துக்குச் சென்னைக்கு ரயிலில் போய்வருவோம். ஒருநாள் மருத்துவர் அக்காவையும் என்னையும் உட்காரவைத்து, இனி மருந்தால் பயன் இராது, வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "சௌகார்பேட்டை போலாம் வா. துணி பாக்கணும்."

"இப்ப இன்னாத்துக்குக்கா? ஊட்டுக்குப் போலாம்."

"ஊட்டுக்குப் போய் இன்னா பண்ணப் போறோம்?"

போனோம். கடைக்காரர், "சோபாவுக்காம்மா, ஜன்னலுக்கா?" என்று கேட்டார். "மூஞ்சிக்குப் பின்னாடி" என்றார் அக்கா. அவர் விழித்தார். அக்கா ஒவ்வொரு துணியாக முஷ்டியில் கசக்கி விரித்தார். மடிப்பு நின்றால் ஒதுக்கினார். வாசல் வெளிச்சத்துக்கு என்னை இழுத்துப் போய், என் தலைக்குப் பின்னால் துணியைப் பிடிக்கச் செய்து எட்ட நின்று பார்த்தார். "அகலமா வேணும் அண்ணா. ஒட்டு போட்டா தலைக்குப் பின்னாடி கோடு தெரியும்" என்று கடைக்காரரிடம் சொன்னார். நடுவில் ஒருமுறை துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்.

சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூரையிலிருந்து தொங்கித் தரையிலும் விரியும் நீளம். குடும்பமாகப் பத்துப் பேர் நிற்கலாம்.

திரும்பும் ரயிலில் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "நீதான் எடுக்கப் போற. நல்லா கத்துக்கோ" என்றார்.

"நான் கம்பெனில கீறேன்கா."

"லீவு நாள்ல எடு."

செவ்வாப்பேட்டை தாண்டும்போது தூங்கிவிட்டார். துணி நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் அதிக நாள் இல்லை. அக்கா வீட்டில், மாமாவின் கையைப் பிடித்தபடி, விடிந்த பிறகு போனார். அடக்க ஆராதனையில் எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நோயின் நாட்களில் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், வலி குறைக்க உடனிருந்த செவிலியர் சகோதரிகளுக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய மணவாள நகர் அண்டை வீட்டாருக்கும், மாமாவின் ஷிப்டை மாற்றி ஓட்டிய ஓட்டுநர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது. அடக்கம் முடிந்த மறுவாரம், சாமான்களை ஒழுங்கு செய்ய நான் ஸ்டுடியோவைத் திறந்திருந்தபோது, கைக்குழந்தையோடு ஓர் அம்மா வந்தார். "அக்கா இல்லியா?" என்று கேட்டார். "வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க. நீங்க உக்காருங்க, நான் எடுக்கறேன்" என்றேன். அந்தச் சாம்பல் நிறத் துணியின் முன்னால் உட்காரவைத்து எடுத்துக் கொடுத்தேன். போகும்போது, "அக்காவ நான் கேட்டேன்னு சொல்லுப்பா" என்றார். சரி என்றேன்.

அம்மா, இம்மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால், என்னை மன்னியுங்கள். அன்று அக்கா வெளியே போயிருக்கவில்லை.