சமையலறைக் கதவில் ஏழாவது விதி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துபாய் பக்கத்து அஜ்மானில் ஒரு சலூனுக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரே அறையில் ஆறு தமிழர்கள் தங்கியிருந்தோம். வாடகை குறைவு என்பதால் அஜ்மான். எனக்கு வேலை துபாயின் மறுகோடியில் இருக்கும் ஜெபல் அலியில். விடிவதற்கு முன் கம்பெனி வேனில் ஏறி, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவேன். இறங்கிய பிறகு தலை நேராக நிற்க அரை மணி நேரம் ஆகும்.

அங்கே ஒரு கிடங்கில் நான் ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதிவைப்பதுதான் தொழில். பகலெல்லாம் பெட்டிகளை ஒழுங்குபடுத்திய கை, ரூமுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. மனிதர்களையும் ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிட்டேன்.

ஆபீசிலிருந்து ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் பேப்பர் கொஞ்சம் கொண்டுவந்து, சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனாவில் ஒரு வாராந்திர அட்டவணை தயாரித்தேன். சனிக்கிழமை யார் சமையல், ஞாயிறு யார் பாத்திரம், வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு யார் வெங்காயம் என்று ஏழு நாளும் அதில் இருந்தது. ஒரே பாத்ரூம் என்பதால் காலையில் ஆளுக்கு எட்டு நிமிஷம். மீறினால் அடுத்தவர் முறைக்கும் சேர்த்துப் பாத்திரம் கழுவ வேண்டும். கீழே விதிகள் வேறு. ஃபிரிட்ஜில் என் முட்டைகளுக்கு இனிஷியல் போட்டுவைத்த ஆள் நான். விதிகள் எழுதாமல் விடுவேனா?

அட்டவணையைச் சமையலறைக் கதவில் ஒட்டிய அன்றைக்கே எனக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டலுக்கு வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. நான் அதைப் பதவி உயர்வு என்றே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டடத்தில் ஒருவருக்கு அம்மை வந்து, அந்த ரூமில் வரிசையாக நாலு பேர் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஏழாவது விதியைச் சேர்த்தேன். 'தொற்று நோய் வந்தவர் குணமாகும் வரை வெளியே தங்கிக்கொள்ள வேண்டும்.' அடியில் சிவப்புக் கோடு. அது எனக்குப் பொருந்தும் என்று கனவிலும் நினைக்கவில்லை. சட்டம் எழுதுகிறவனுக்கு நோய் வராது என்று ஓர் எண்ணம்.

முதலில் சிக்கியவர் எங்கள் ரூம் கீழக்கரை பாய். ஷார்ஜாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அட்டவணையை அதிகம் மீறுவதும் அவர்தான். பாத்ரூமில் எட்டு நிமிஷம் என்றால் அவருக்குப் பல் துலக்கவே போதாது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் இரண்டு கண்ணும் சிவந்து வந்து நின்றார். மெட்ராஸ் ஐ.

நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். கதவைக் காட்டினேன். ஏழாவது விதி.

பாய் அதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். "சரிதான் மேனேஜர், சட்டம்னா சட்டம்தான்" என்று சிரித்துவிட்டு, ஒரு பையில் இரண்டு கைலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐந்தாறு நாள் கழித்துக் கண் வெளுத்துத் திரும்பி வந்தார். எங்கே தங்கினீர்கள் என்று நான் கேட்கக்கூட இல்லை. அன்றைக்கு வெங்காயம் அவர் முறை என்பதை மட்டும் மறக்காமல் ஞாபகப்படுத்தினேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை வேனில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. வியாழக்கிழமை வயிற்றில் மூன்று கொப்புளம். வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கில் மலையாளி டாக்டர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். அம்மைதான். பதினைந்து நாள் லீவ் எழுதிக் கொடுத்து, "தனியா இருக்கணும்" என்றார்.

எங்கே தனியாக இருப்பது? எங்கள் கம்பெனிக்குத் தொழிலாளர் தங்கும் கேம்ப் கிடையாது. இந்த உடம்போடு எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். தெரிந்தவர்கள் என்று இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே அறையில்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும். பதினைந்து நாள் படுத்தால் வேலையே போய்விடக் கூடியவர்களும் அதில் உண்டு. சலூன் பக்கத்துப் படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். உடம்பு கொதித்தது. நான் எழுதிய வாசகம் அடியில் சிவப்புக் கோட்டோடு கண் முன்னால் நின்றது. அவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மேலே போனேன். வெள்ளிக்கிழமை என்பதால் ஆறாவது ஆளான என்னைத் தவிர ஐந்து பேரும் இருந்தார்கள். வாசலிலேயே நின்று, "அம்மை. பையை மட்டும் எடுத்து வெளியே வெச்சிருங்க, போயிடறேன்" என்றேன். எங்கே போவேன் என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

யாரும் கேட்கவில்லை. பாய் மட்டும், "இது ஏற்கெனவே யாருக்கெல்லாம் வந்திருக்கு? கையத் தூக்குங்க" என்றார். அவரையும் சேர்த்து மூன்று கைகள் எழுந்தன. தஞ்சாவூர் ஏ.சி. மெக்கானிக் அண்ணனும் நாகர்கோவில்காரர் ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

அந்தத் தஞ்சாவூர் அண்ணன் எழுந்து ஒரு மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார். என்னைத்தான் கிளப்புகிறார்கள் என்று நினைத்து, "மெத்தை வேண்டாம்ண்ணே, பை போதும்" என்றேன்.

"ஒம்ம மெத்தைய எவன்யா தொடுவான்? இது என்னோடது" என்றார்.

வெளியே போனது கையைத் தூக்காத அந்த இருவரும்தான். ஷார்ஜாவில் ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்த ஒரு நண்பர் ரூமுக்கு, ஒன்பதாவது, பத்தாவது ஆளாக. நோய் வந்தவன் உள்ளே, நோய் வராதவர்கள் வெளியே. என் விதியை இப்படித் தலைகீழாகக் கடைப்பிடிப்பார்கள் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலை எனக்கு ஒதுக்கி, நடுவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். பாய் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வேப்பிலையோடு வந்தார். முனிசிபாலிட்டிக்காரர்கள் சாலை ஓரத்தில் நட்டுவைத்த மரம். தண்ணீர் விட வந்த பாகிஸ்தான் பதான் தோட்டக்காரர், "க்யா கர்தா ஹை பாய்?", என்ன செய்கிறாய் என்று அதட்டியிருக்கிறார். இவர் தனக்குத் தெரிந்த இந்தியில், உடம்பெல்லாம் புள்ளி வைத்துக் காட்டி விளக்கியிருக்கிறார். தோட்டக்காரர் கத்தரியை எடுத்துத் தானே நாலு கொத்து வெட்டிக் கொடுத்தாராம். "நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு" என்றார் பாய் பெருமையாக.

காலையில் கடைக்குப் போகும் முன் கஞ்சி வைத்துவிட்டுப் போவார். புதன்கிழமை என் சமையல் முறை. அன்றும் யாரோ சமைத்தார்கள். ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டேன்.

"பாய், கண்ணு வலி வந்தப்ப எங்க தங்குனீங்க?"

"கடைக்கு மேல ஸ்டோர் இருக்குல்ல, அங்கதான். அட்டைப்பெட்டிய விரிச்சுப் படுத்தேன். ஏ.சி. இல்ல, அது ஒண்ணுதான். ஆனா ஒரு சௌகரியம் மேனேஜர், பாத்ரூம்ல எவனும் மணி பார்க்கல."

ஜூலை மாதத்தில் ஏ.சி. இல்லாத ஸ்டோர் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் ஸ்டோர் கீப்பர். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ என் முட்டையை எடுத்து, இனிஷியலைப் பார்த்து, "உங்களுதுதான், தைரியமா சாப்பிடுங்க" என்று உரித்துக் கொடுத்தார்.

கொப்புளங்கள் உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் வேப்பிலை போட்ட வெந்நீரோடு என்னைப் பாத்ரூமில் உட்காரவைத்துவிட்டு, பாய் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். "மேனேஜர், எட்டு நிமிஷம்!" பதறி எழுந்தேன். வெளியே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம். "எண்பது நிமிஷம் குளிங்க. இன்னைக்கு நாங்க யாரும் குளிக்கிறதா இல்ல" என்றார் பாய்.

குளித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். பதினைந்து நாளில் முதல் முறை. கதவில் என் அட்டவணையின் மீது, சலூனுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் தினசரி காலண்டர் தொங்கியது. விதிகள் இருந்த இடத்தில், சரியாக ஏழாவதை மறைத்து.

"இத யாரு இங்க மாட்டினது?" என்றேன்.

பாய் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "ஆணி அங்கதான் இருந்துச்சு மேனேஜர்."

அந்தக் கதவில் ஆணியே கிடையாது. அட்டவணையை ஒட்ட இடம் பார்த்து, அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான்.

நான் காலண்டரை நகர்த்தவில்லை. தேதியை மட்டும் கிழித்துவிட்டு, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நல்ல வசதியாகக் காரணம் கிடைத்தது.

இப்போதும் வீட்டில் வாராவாரம் பட்டியல் போடுகிறேன், அந்த வியாதி மட்டும் குணமாகவில்லை. ஆனால் எதையாவது அழுத்தி எழுதி அடியில் கோடு போடப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், இல்லாத ஆணியை அடித்து என் வெட்கத்தை மறைத்த அந்தக் கை நினைவுக்கு வந்துவிடுகிறது.